ரேட்டைக் கெடுக்காதே!

2007-ம் வருஷம், பொங்கல் முடிந்த கையோடு சூரிச்சிலிருந்து என் அக்கா மகன் ஊருக்கு வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி அனுப்பிவைத்த மூன்று மாத வேலை. நாமக்கல் பக்கத்தில் கிராமம். வாசலில் டாக்ஸி நின்று அவன் இறங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஏஞ் சாமி, பழனிக்கு ஏதாச்சும் வேண்டிக்கிட்டயா?"

பையனின் முடி காதை மூடி, சட்டைக் காலரைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

வேண்டுதல் ஒன்றுமில்லை. அங்கே முடி வெட்ட 45 பிராங்க். அப்போது ஒரு பிராங்க் 35 ரூபாய் வாக்கில். ஆக, ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்! நம்மூர் சலூனில் அன்றைக்கு 30 ரூபாய். "மாமா, அங்க ஒரு தடவை வெட்டுற காசுல இங்க நாலு வருஷம் வெட்டிக்கலாம்" என்றான். மாதம் ஒரு தடவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. மாப்பிள்ளை கெட்டிக்காரன் என்று எனக்கும் பெருமை.

அந்த மூன்று மாதமும் அவன் வாழ்ந்த கதை, அந்தக் காலத்தில் 'ஆன்சைட்' போன எல்லாப் பையன்களின் கதையும்தான். பெட்டியில் பாதிக்கு அரிசி, ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, அக்கா இடித்துக் கொடுத்த கறிவேப்பிலைப் பொடி. நாலு பேர் ஒரு வீட்டில். தினப்படியாகக் கம்பெனி கொடுத்த காசில் முக்கால்வாசியை மிச்சம் பிடித்துக் கொண்டுவந்தான். அது அவன் அப்பாவின் கோழிப்பண்ணைக் கடனில் ஒரு தவணையாகப் போனது. அவனைக் கஞ்சன் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால், ஒரு வியாதி இருந்தது. பெருக்கல் வியாதி. வெளிநாடு போனவர்களுக்கெல்லாம் தெரியும். காபி நாலரை பிராங்க் என்றால், மனசு உடனே 35-ஆல் பெருக்கும். பெருக்கி முடிப்பதற்குள் நாக்கில் காபி கசந்துவிடும். டிராம் டிக்கெட்டைப் பெருக்கினால் நடக்கத் தோன்றும். தக்காளியைப் பெருக்கினால் ரசம் வேண்டாம் என்று தோன்றும்.

அந்த வியாதிக்கு மருந்து சொன்னவர் அங்கே ஒரு தமிழ்க் கடையில் சந்தித்த யாழ்ப்பாணத்துக்காரர். 1983-க்குப் பிறகு அகதியாகப் போய், ஹோட்டலில் பாத்திரம் கழுவி, அதே ஊரில் பிள்ளைகளை வளர்த்தவர். சுவிட்சர்லாந்தில் இன்று ஐம்பதாயிரம் ஈழத் தமிழர்கள் வாக்கில் இருக்கிறார்கள். பலர் அப்படித்தான், சமையற்கட்டின் பின்வாசல் வழியாக அந்த நாட்டுக்குள் நுழைந்தவர்கள். முருங்கைக்காய் விலையைப் பார்த்து இவன் விழிப்பதைக் கவனித்துவிட்டு அவர் சொன்னாராம்:

"தம்பி, பெருக்கிப் பார்த்தியள் எண்டா இஞ்ச ஒண்டும் சாப்பிடேலாது. உழைக்கிறதும் பிராங்கில, செலவழிக்கிறதும் பிராங்கில. ரூபாயை விமான நிலையத்திலயே விட்டிட்டு வாங்கோ."

திரும்பிப்போக ஊர் இருப்பவனுக்குத்தான் பெருக்கல் வசதி. ஊரே இல்லாமல் வந்தவருக்கு அந்த வாய்ப்பாடு கிடையாது. அங்கேயே வாழ்ந்தாக வேண்டும், அந்த ஊர் விலையிலேயே.

இது நடந்து பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை இப்போது சூரிச்வாசி. மனைவி, ஒரு பெண் குழந்தை, வாடகை வீடு. பிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. இப்போது அவன் பெருக்குவதில்லை. சமீபத்தில் லீவில் வந்தபோது என்னோடு அதே சலூனுக்கு வந்தான். சுவரில் ரேட் போர்டு: கட்டிங் 120. இவன் வெட்டிக்கொண்டு, ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு, மீதி வாங்காமல் இறங்கி நடந்துவிட்டான்.

காரில் ஏறியதும் பொரிந்து தள்ளினேன். "மாப்ளே, ரேட்டைக் கெடுக்காதே! நீ பாட்டுக்குக் குடுத்துட்டு ஏரோப்ளேன் ஏறிப் போயிருவே. நாளைக்கு எங்ககிட்டயல்ல கேப்பாங்க?"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், கோபமே இல்லாமல், "எந்த ரேட்டை மாமா?" என்றான்.

அந்தக் கேள்வி ராசிபுரம் தாண்டி, சேலம் வந்து வீட்டில் படுத்த பிறகும் என்னை விடவில்லை.

யோசித்துப் பாருங்கள். சூரிச் சலூனிலும் கத்தரிக்கோல்தான், நம்மூரிலும் கத்தரிக்கோல்தான். அரை மணி நேரம் அங்கேயும் ஆகிறது, இங்கேயும் ஆகிறது. சொல்லப்போனால், இங்கே தலையில் நாலு தட்டுத் தட்டி, கழுத்தில் சொடக்கும் எடுத்து விடுகிறார்கள். அங்கே அது கிடையாது. பின் ஏன் இந்த வித்தியாசம்?

லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் இங்கேயும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. செல்போனும் அப்படித்தான். முடி வெட்டுவது, குழாய் ரிப்பேர், ஹோட்டல் சாப்பாடு, குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது... இவைதான் அங்கே மலைக்க வைக்கும் விலை. சூரிச்சில் குழந்தைகள் காப்பகத்துக்கு ஒரு நாளைக்கே நூறு பிராங்குக்கு மேல் கேட்கிறார்கள். அதாவது, மனிதன் கை பட்டு, மனிதன் நேரம் செலவாகும் எதுவும் அங்கே விலை அதிகம். 'விலைவாசி கூடின நாடு' என்று நாம் சொல்வதை, 'மனிதனின் ஒரு மணி நேரத்துக்கு விலை கூடின நாடு' என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966-ல் இதை விளக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் சங்கீதம். தொழிற்சாலையில் மெஷின் வந்ததும் பத்துப் பேர் வேலையை ஒருவர் செய்துவிடலாம். ஆனால், நாலு பேர் வாசிக்க வேண்டிய ஒரு சங்கீதத்தை இருநூறு வருஷம் கழித்தும் நாலு பேர்தான் வாசிக்க வேண்டும். நம்மூர் பாஷையில் சொன்னால், நாதஸ்வரத்துக்கு ஒரு ஆள், தவிலுக்கு ஒரு ஆள் எப்போதும் வேண்டும். வேகமாக வாசித்து முகூர்த்தத்தைச் சீக்கிரம் முடிக்க முடியாது! மெஷின் ஓட்டுகிறவரின் சம்பளம் ஏறும்போது, தவில்காரரின் சம்பளமும் ஏறியாக வேண்டும். இல்லையென்றால் தவிலைக் கீழே வைத்துவிட்டு அவரும் மெஷின் ஓட்டப் போய்விடுவார்.

சூரிச் சலூன்காரர் கதை அதுதான். பேங்க் ஆபீசர் வாழும் அதே ஊரில்தான் அவரும் வாடகை கொடுக்க வேண்டும். 1996-ல் வந்த சட்டப்படி அங்கே எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெரியவர் ஒருவருக்குச் சராசரியாக மாதம் 400 பிராங்குக்கு மேல் அதற்கே போகிறது. முடி வெட்டும் தொழிலில் அங்கே முதலாளிகள் சங்கமும் தொழிலாளர் சங்கமும் உட்கார்ந்து பேசி, இதற்குக் கீழே சம்பளம் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த ஊர்க் கணக்கில் அது குறைந்த சம்பளத் தொழில்தான்.

உடனே சுவிஸ்காரர்கள் எல்லோரும் மகாத்மாக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நாடு முழுவதற்கும் மணிக்கு 22 பிராங்க் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று 2014-ல் ஓட்டுக்கு விட்டபோது, நாலில் மூன்று பேர் வேண்டாம் என்று குத்தினார்கள். ஜெனீவா மாநிலம் 2020-ல் ஓட்டெடுத்து 23 பிராங்க் கொண்டுவந்தது. இன்னொரு வேடிக்கை. எல்லை ஓரத்து சுவிஸ்காரர்கள் சனிக்கிழமையானால் காரை எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரத்துக்குப் போய் மளிகை வாங்கி வருவார்கள். அங்கே மலிவு! இந்தக் கூத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான் 2025 ஜனவரியிலிருந்து, வரியில்லாமல் கொண்டுவரும் அளவை 300 பிராங்கிலிருந்து 150 ஆக்கிவிட்டது அரசாங்கம். சம்பளம் மட்டும் சுவிஸ் ரேட்டில் வேண்டும், சாமான் ஜெர்மன் ரேட்டில் வேண்டும். ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

என் அப்புச்சி காலத்தில் எங்கள் ஊரில் முடி வெட்ட 'ரேட்' என்று ஒன்றே கிடையாது. அவர் வீடு தேடி வருவார். வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்து, வீட்டு ஆண்கள் அத்தனை பேருக்கும் வெட்டிவிட்டுப் போவார். வருஷம் முழுக்கச் செய்த வேலைக்குக் கூலி, அறுப்பு முடிந்து களத்துமேட்டில். எவ்வளவு என்று அவர் கேட்க முடியாது. கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல விளைச்சல் என்றால் வள்ளம் நிறையும், மழை பொய்த்தால் இல்லை. கொடுக்கிறவர் மனசு அன்றைக்கு எப்படி இருந்ததோ, அதுதான் ரேட்.

அவருடைய பேரன்தான் இன்றைக்கு மெயின் ரோட்டில் சலூன் வைத்திருப்பவர். அந்தச் சுவரில் தொங்கும் ரேட் போர்டை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அது என்ன என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மூன்று தலைமுறை கழித்து, 'என் வேலைக்கு இதுதான் விலை' என்று அந்தக் குடும்பம் எழுதி மாட்டிய பலகை அது. நான் 'ரேட்டைக் கெடுக்காதே' என்றபோது, களத்துமேட்டில் நின்று வள்ளத்தில் அளந்து போட்டவர்களின் குரல்தான் என் தொண்டைக்குள்ளிருந்து வந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இது இன்னும் வெட்கம். ஏனென்றால், ரேட் என்றால் என்னவென்று நாமக்கல்காரனுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? ஒருகாலத்தில் முட்டைக்கு விலை சொன்னவர்கள் வியாபாரிகள். பண்ணைக்காரர் தீவனச் செலவுகூடத் தேறாமல் விற்றுவிட்டு வருவார். விற்காமல் வைத்திருக்கவும் முடியாது, முட்டை அழுகும். 1982-ல் பி.வி.ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கிய பிறகுதான், முட்டைக்கான விலையை உற்பத்தி செய்கிறவனே சொல்வது என்ற நிலை வந்தது. இன்றும் அறிவித்த விலைக்குக் கீழே 'மைனஸ்' வைத்துக் கேட்கும் வியாபாரி உண்டு. அப்போதெல்லாம் என் அக்கா வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கொதிப்பார்: "எம் பொருளுக்கு அவன் எப்படி வெலை வெப்பான்?"

நியாயமான கோபம். அதே மனிதர் சலூனில் பத்து ரூபாய் ஏறினால், "என்னப்பா, அநியாயமா இருக்குது?" என்பார். அவர் மட்டுமா, நானும்தான்.

இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். 'மலிவாக இருப்பது அவ்வளவு பெரிய பாவமா? எல்லாரும் ரேட்டை ஏற்றினால் ஏழை எதை வாங்குவான்?'

நல்ல கேள்வி. முட்டையையே எடுத்துக்கொள்வோம். கோழிகளைக் கம்பிக்கூண்டில் நெருக்கி அடைப்பதை சுவிட்சர்லாந்து 1981-ல் சட்டம் போட்டு, பத்து வருஷம் அவகாசம் கொடுத்து, 1992-லிருந்து அடியோடு நிறுத்திவிட்டது. உலகத்திலேயே முதல் நாடு அதுதான். அங்கே ஒரு முட்டை முக்கால் பிராங்க் வாக்கில் இருக்கிறது என்கிறான் மாப்பிள்ளை. நம் பணத்தில் எழுபது எண்பது ரூபாய். அந்த விலைக்குள் கோழி காலாற நடக்கும் இடத்துக்கான வாடகையும் இருக்கிறது. நம் பண்ணையில் முட்டை 5, 6 ரூபாய்க்குப் போகிறது. இங்கே கோழிக்குக் கூண்டுதான். முட்டை பொறுக்குவது, வடக்கேயிருந்து வந்து பண்ணைக்குள்ளேயே தங்கியிருக்கும் குடும்பங்கள்.

ஆனால், அந்த மலிவு முட்டைதான் சத்துணவில் நம் பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது. 1989-ல் எப்போதோ ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-லிருந்து பள்ளிக்கூடம் நடக்கும் நாளெல்லாம் ஒரு முட்டை. முட்டை எழுபது ரூபாய் விற்றிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. அதனால், மலிவைத் திட்டி நான் ஒரு வரி எழுதினாலும் அந்தக் குழந்தையின் தட்டை நினைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

ஆனாலும் ஒன்று கவனியுங்கள். அந்தக் குழந்தைக்கு முட்டை இலவசம் என்றால், அரசாங்கம் காசு கொடுத்து வாங்குகிறது. ஊரே சேர்ந்து, வரியாக, அந்தச் செலவைச் சுமக்கிறது. என் முடிவெட்டு மலிவாக இருக்கும் செலவை யார் சுமக்கிறார்கள்? வெட்டுகிறவர் ஒருவர்தான். இரண்டும் மலிவுதான். கணக்கு யார் பேரில் என்பதில்தான் வித்தியாசம்.

மறுபடி சூரிச்சைப் பாருங்கள். அங்கே தெருவுக்குத் தெரு நீரூற்று, ஊர் முழுக்க ஆயிரத்து இருநூறுக்கு மேல். குனிந்து கையில் பிடித்துக் குடிக்கலாம், காசில்லை. பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியில்தான், அங்கேயும் கட்டணமில்லை. மாப்பிள்ளையின் மகளும் அதில்தான் படிக்கிறாள். மாப்பிள்ளை படித்தது எங்கே? நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் ஒன்றில். பிராய்லர் கோழியை வளர்ப்பதுபோல அடைத்துவைத்து மார்க் வாங்கவைத்ததால், ஊரே 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்ததே, அதுதான். நீட் வருவதற்கு முன்பு தமிழ்நாடு பூராவிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவனுடைய இரண்டு வருஷப் படிப்புக்கு ஒரு ஷெட் கோழியே போனது என்பார் அவன் அப்பா. நான் சேலத்தில் தண்ணீரைக் கேனில் வாங்குகிறேன். மலிவான ஊரில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தண்ணீருக்கும் படிப்புக்கும் காசு கொடுத்து, மனித உழைப்பில் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனையும் யோசித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான், எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும் அம்மா, மாசம் ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கேட்டார். நானும் மனைவியும் உடனே என்ன செய்தோம் தெரியுமா? எதிர் வீட்டில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரித்தோம். அந்த அம்மாவின் வீட்டு வாடகை எவ்வளவு என்று விசாரிக்கத் தோன்றவில்லை. தமிழக அரசு 2018-ல் வீட்டு வேலைக்கும் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. அந்தக் கணக்கையும் நாங்கள் போட்டுப் பார்த்ததில்லை. எதிர் வீட்டு ரேட்தான் எங்களுக்குச் சட்டம்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, தயக்கத்தோடுதான் சலூனுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் டிராயரைத் திறந்து ஒரு கவரை நீட்டினார். உள்ளே முந்நூற்று எண்பது ரூபாய்.

"மாப்பிள்ளை மறந்துட்டுப் போயிட்டாருங்க. குடுத்துருங்க."

"மறக்கலீங்க. உங்களுக்குன்னுதான் குடுத்தான்."

"தெரியுமுங்க" என்று சிரித்தார். "பிரியமாத்தான் குடுத்தாரு. ஆனா, எல்லாத்துக்கும் ஒரே ரேட்டுங்க இங்க. எங்க தாத்தன் காலத்துலதான் ஆளுக்கொரு மாதிரி வாங்குனோம்."

எனக்குப் பேச வரவில்லை. துணியைக் கழுத்தில் கட்டிவிட்டு அவரே தொடர்ந்தார்:

"அடுத்த மாசம் சங்கத்துல பேசி நூத்தம்பது பண்ணலாம்னு இருக்கோமுங்க. கரன்ட் பில்லு, கடை வாடகை எல்லாம் ஏறிப்போச்சு. மாப்பிள்ளை மாதிரி ஐந்நூறு வேண்டாமுங்க. போர்டு மாத்துறப்ப சண்டைக்கு வராம இருந்தீங்கன்னா, அது போதும்."

மாப்பிள்ளையும் நானும் எங்கே தப்பினோம் என்று அப்போதுதான் விளங்கியது. அவன் கொடுத்தது அன்புதான். ஆனால், அதுவும் கொடுக்கிறவர் மனசைப் பொறுத்த ரேட், களத்துமேட்டு ரேட். அவர் கேட்பது, தன் ரேட்டைத் தானே சொல்லும் உரிமை. எங்கள் முட்டைக்கு நாங்கள் கேட்டதும் அதைத்தானே!

போர்டு மாறிவிட்டது. நூற்று ஐம்பது. நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனாலும், பார்த்த மாத்திரத்தில் மனசு தானாக, 'முப்பது ரூபாய் கூட' என்று கழித்துப் பார்த்தது. மாப்பிள்ளைக்கு அன்றைக்குப் பெருக்கல் வியாதி என்றால், எனக்குக் கழித்தல் வியாதி. அவனுக்குக் குணமாகிவிட்டது. எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்குக் கேட்ட ஐந்நூறை இந்த மாசத்திலிருந்து சேர்த்துக் கொடுத்தோம். மறுநாள் காலை, பால் வாங்க வந்த எதிர் வீட்டம்மா என் மனைவியைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாராம்:

"என்னங்க நீங்க, இப்படி ரேட்டைக் கெடுத்துட்டீங்களே?"